பதினைந்தாவது காரணம்

என் தங்கை ஜோதிலட்சுமி பி.காம் படித்தவள். நான் எட்டாவது. அவள் வேலை பார்க்கும் கம்பெனியில்தான் வேன் ஓட்டுகிறேன் என்பதால், இங்கே எழுதுவதெல்லாம் நான் கண்ணால் கண்டது.

செங்கல்பட்டுக்கு வெளியே இருக்கிற சின்னக் கம்பெனி அது. பள்ளிக்கூடப் பைகளுக்குப் பிளாஸ்டிக் கிளிப் செய்கிறோம். ஒன்பது மெஷின், நாற்பத்திரண்டு பேர். முதலாளி லியாங் சீனர். சீனாவில் இருக்கும் இன்னொரு ஆலையை அவர் தம்பி பார்த்துக்கொள்கிறார். இரண்டுக்கும் ஒரே சாஃப்ட்வேர்; இங்கே பதிவது அங்கேயும் தெரியும்.

கேட்ட நிறத்தில், கேட்ட அளவில், மூன்றே நாளில் சரக்கு கொடுப்பது முதலாளியின் திட்டம். சாஃப்ட்வேரோ, வருடம் முழுக்க ஒரே சரக்கை அடித்த காலத்தில் வாங்கியது. மெஷின் நின்றால் திரையில் சிவப்பு விளக்கு எரியும். பதினான்கு காரணங்களில் ஒன்றை அழுத்தும்வரை அணையாது. பழுது, மின்தடை, தீ, வெள்ளம் என்று போகும் அந்தப் பட்டியலில் 'ஆர்டர் இல்லை' மட்டும் கிடையாது. அதனால் ஆர்டர் இல்லாத நாளிலும் மெஷின்கள் பச்சை கிளிப் அடித்தன. கடைசியாக வந்த ஆர்டர் பச்சை. கிடங்கு நிரம்பியது, சாப்பாட்டு அறை நிரம்பியது. நாங்கள் வேப்பமரத்தடியில் சாப்பிட்டோம். என் வேனின் பின்சீட்டிலும் இரண்டு மூட்டை.

திரையைப் பார்த்துக் காரணம் அழுத்துவது ஜோதியின் வேலை. அவளுக்கு அது பயிற்சி வருடம். அக்டோபர் முடிவில் வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து ஆயுத பூஜை வந்தது. ஒன்பது மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. பொரி நான்கு படி, வாங்கியது நான். படைத்த பிறகு மறுநாள்வரை மெஷினைத் தொடக்கூடாது. ஒன்பது சிவப்பு விளக்கும் எரிந்தன.

"அண்ணே, இன்னா போடறது? தீயா, வெள்ளமா?"

"பழுதுன்னு போடு. தீன்னா பயந்துடுவாங்க."

அது என் யோசனைதான், ஒத்துக்கொள்கிறேன்.

நான்காம் நாள் சீனாவிலிருந்து ஹான் என்ற இன்ஜினியர் நாற்பது கிலோ உதிரி பாகங்களோடு வந்து இறங்கினார். மாமல்லபுரத்தில் அறை போட்டிருந்தும் நேராக ஆலைக்கே விடச் சொன்னார். மெஷினில் இருந்த குங்குமத்தைத் தொட்டு, முகர்ந்து, படம் எடுத்தார். பிறகு போனில் ஏதோ பேச, அது தமிழில் சொன்னது:

"துரு அதிகம். அனைத்து இயந்திரங்களும் ஒரே தருணத்தில் பழுதானது எவ்வாறு? பதிவு செய்தவர் யார்?"

"மாட்னோம். எலி கடிச்சுதுன்னு சொல்லிடும்மா," என்று கிசுகிசுத்தார் ஆபரேட்டர் கண்ணாயிரம்.

"ஒம்போதையும் ஒரே நாள்ல கடிக்க, எலி இன்னா ஷிப்டுக்கா வருது? சும்மா இரு மாமா."

ஜோதி போனைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்: "நான்தான் சார் போட்டேன். பழுதுன்னது பொய். அன்னிக்கு மெஷினுக்குப் பூஜை. ஆனா நிறுத்துனது தப்பில்ல சார், மத்த நாள் ஓட்டுனதுதான் தப்பு. வந்து பாருங்க."

சாப்பாட்டு அறைக் கதவைத் திறந்தாள். பச்சை கிளிப் சரிந்து வந்து ஹானின் முழங்கால்வரை மூடியது. சத்தம் கேட்டு லியாங்கும் ஓடி வந்தார்.

"மூணு நாள்ல டெலிவரின்றீங்க. நீலம் கேட்டா, பச்சை மூட்டையத் தள்ளவே ரெண்டு நாள் ஆவுது. பூஜை அன்னிக்கு ஒருநாள்தான் சார் இந்தக் குவியல் வளரல."

ஹான் குவியலில் நின்றபடியே முப்பத்தைந்து நிமிடம் சீனாவுக்குப் பேசினார். மறுநாள் பட்டியலில் பதினைந்தாவது காரணம் ஏறியது: ஆயுத பூஜை. 'ஆர்டர் இல்லை' என்று சேர்க்க முதலாளியின் தம்பி சம்மதிக்கவில்லையாம். தொழிலுக்கு அபசகுனமாம்.

அக்டோபர் முப்பதாம் தேதி மாலை நான்கு பத்துக்கு ஜோதியின் நிரந்தர உத்தரவு கைக்கு வந்தது. ஆர்டர் இல்லாத மெஷினை நிறுத்திவிட்டு அவள் பதினைந்தை அழுத்துகிறாள். நவம்பரில் எங்களுக்கு ஏழு ஆயுத பூஜை. சீன ஆலையில் பதினொன்று.

போன வாரம் முதலாளியின் தம்பியே கூப்பிட்டார். போன் கேட்டது: "பொரி கட்டாயமா?"

ஜோதி கொஞ்சம் யோசித்தாள். "கட்டாயம் சார்."

சீனாவுக்கு நான்கு படி பார்சல் கட்டினேன். நமத்துப் போகாமல் இரட்டை உறை போட்டு, கடலையைத் தனியாக.