வேரில்லாத வெற்றிலைக்கொடி

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவன். இதைக் கேட்டுவிட்டு, கிழவனுக்குக் கண் மங்கிவிட்டது என்று நீங்கள் நினைத்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன். கண்ணையும் சோதித்துப் பார்த்துவிட்டேன், கோளாறு கண்ணில் இல்லை.

ஓய்வுபெற்ற பிறகு களைக்கொடி அகற்றும் தொண்டூழியர் குழு ஒன்றில் சேர்ந்தேன். எங்கிருந்தோ வந்து பரவி, இங்குள்ள மரங்களை மூடிக் கொன்றுவிடுகிற கொடிகளை அடையாளம் கண்டு வெட்டுவது வேலை. எங்களுக்குப் பெரிய எதிரி சான்சிபார் வள்ளிக்கொடி. தரையோரம் ஒரு வெட்டு, நெஞ்சு உயரத்தில் ஒரு வெட்டு, நடுத்துண்டை எடுத்துவிட வேண்டும், மேலே இருப்பது மரத்திலேயே காய்ந்து உதிர்ந்துவிடும். இலையைப் பார்த்ததும் பெயர் சொல்லிவிடுவார் என்று குழுவில் எனக்கொரு பேர் இருந்தது. அந்தப் பேர்தான் என்னைக் கெடுத்தது.

போன வருஷம் ஒரு ஞாயிறு காலை, தேக்காவில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் இருக்கும் மாமரத்தில் ஒரு கொடியைக் காட்டி, "இதோ, வள்ளிக்கொடி" என்று உரக்கச் சொன்னேன். குழுத்தலைவியான சீனப் பெண், "அங்கிள், ஷுவரா?" என்றாள். எல்லாரும் படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்கியிருந்தார்கள். "ஷுவர் லா" என்று கத்தரியால் தரையோரம் வெட்டினேன்.

வெட்டியதும் கத்தரியிலிருந்து ஒரு வாசனை எழுந்தது பாருங்கள், கல்யாண வீட்டு வாசனை. வெற்றிலை! வள்ளிக்கொடி மரத்தைச் சுற்றிக்கொண்டு ஏறும், வெற்றிலை கணுவுக்குக் கணு வேர்விட்டு ஒட்டிக்கொண்டு ஏறும், என் மாணவன் இப்படிப் பிழை செய்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, தெரிந்தே, மேல் வெட்டையும் வெட்டி நடுத்துண்டை எடுத்தேன்.

மறுநாள் மதியம் கீழே சத்தம் கேட்டு இறங்கிப் போனேன். கொடியை வளர்த்தவர் இரண்டாம் மாடி மைமூன் அக்காவாம். எதிரே புல்வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டியபடி செல்வம் நின்றிருந்தான். துவாஸில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியிலிருந்து லாரியில் வந்து எங்கள் வட்டாரத்தில் புல் வெட்டுகிறவன்.

"ஏண்டா, மெஷினத் தூக்கிட்டா கண்ணு தெரியாதா? இங்க வர்றப்பெல்லாம் டீயும் ரெண்டு வெத்தலயும் மடிச்சுக் குடுத்தேனே, அந்த நன்றிக்கா வேரோட அறுத்த?"

"எம்புள்ள மேல சத்தியம்மா, நான் தொடவே இல்ல."

"அப்ப மெஷின் தானா எறங்கிப் போயி வெட்டிருச்சாக்கும்!" என்றவர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க செடிகொடி தெரிஞ்சவங்க. சொல்லுங்க, இது மெஷின் வெட்டுதானே?"

செல்வம் என் முகத்தையே பார்த்தான். கத்தரி என் தோள்பையில் இருந்தது. "அப்படித்தான் தெரியுது" என்றேன். நெஞ்சு உயரத்தில் மெஷின் எப்படி வெட்டும் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை, வாத்தியார் சொல்லிவிட்டாரே. விஷயம் அவன் கம்பெனிக்குப் போக, அந்த வாரமே அவனை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

நம்பினால் நம்புங்கள், அந்தக் கொடி வாடவில்லை. கணுவேர்கள் மரப்பட்டையில் ஈரம் உறிஞ்சிக் கொஞ்ச நாள் தாங்கும் என்பீர்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். வாரங்கள் போயின, அது தளிர்விட்டது. கீழே வெறும் காற்று, மேலே பச்சைப் பசேலென்று இலை. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் வெட்டியது யார் என்ற பேச்சு வருமே.

ஒருநாள் மழை விட்ட சாயங்காலம் என்னால் தாங்கமுடியவில்லை. எட்டி இரண்டு இலை பறித்துக்கொண்டு போய் மைமூன் அக்கா கதவைத் தட்டினேன்.

"அக்கா, கொடிய வெட்டினது நான்தான். செல்வம் இல்ல."

அவர் இலைகளைப் பார்த்து, "இது எங்க வாங்குனது?" என்றார்.

"வாங்கல. அந்தக் கொடியிலதான் பறிச்சேன்."

"என்ன சார் சொல்றீங்க? அது அப்பவே கருகிப்போச்சு. நாந்தானே தொரட்டியால இழுத்துக் குப்பையில போட்டேன்."

இருவரும் கீழே போனோம். மாமரம் மொட்டையாக நின்றது, பட்டையில் கணுவேர் ஒட்டியிருந்த தழும்பு மட்டும். அவர் என் கையிலிருந்த இலைகளை வாங்கி முகர்ந்தார். முகம் மாறியது.

"நம்ம கொடிதான்" என்று திருப்பிக் கொடுத்தார். "எனக்கு வேணாம் சார். சத்தியம் பண்ணவனப் போயித் திட்டினேனே. அவங்கிட்டக் கொண்டுபோயிக் குடுங்க."

ஜூரோங்கில் இருக்கும் அவன் கம்பெனிக்கு மறுநாளே போனேன். மேற்பார்வையாளர் தமிழர்தான். "செல்வமா? வேலை பெர்மிட் முடிஞ்சு ஊருக்குப் போயிட்டான் அங்கிள்."

"எந்த ஊருக்கு?"

"எந்த ஊரா? இந்தியாதான்."

அவன் ஊர் எது என்று நானும் ஒருநாளும் கேட்டதில்லை. மைமூன் அக்காவுக்கும் தெரியவில்லை.

அந்த இரண்டு இலைகளும் ஒரு துணியில் சுற்றி என் வீட்டுக் குளிர்பெட்டியில் இருக்கின்றன. முதலில் துணியை நனைத்து வைத்தேன், பிறகு அவை வாடாததைக் கண்டு பயந்து நனைப்பதை நிறுத்திவிட்டேன். இன்று காலையும் பிரித்துப் பார்த்தேன். துணி காய்ந்து விறைத்திருக்கிறது. காம்பு கிள்ளிய இடத்தில் இன்னும் ஈரம் இருக்கிறது.