அருளம்பலம் பார்க்காத கடைசிப் பத்து நிமிடம்

அருளம்பலம் நேரத்துக்கு ஓரிடத்துக்கு வந்து பார்த்தவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். புலம்பெயர்ந்து வந்த இந்த நகரத்தில், புவாண்ட்-கிளேர்ப் பக்கம் ஒரு வெயர்ஹவுசில் ஒன்பது வருடம் அவரோடு பெட்டி அடுக்கியவன் இந்த எமிலி. வேலையைத் தவிர வேறெதற்கும் அந்த மனிதர் நேரத்துக்குப் போனதாகச் சரித்திரம் இல்லை. மட்டக்களப்பு ஆள். ஐம்பத்தெட்டு வயது. கலியாணம் கட்டவில்லை.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் குதிரைப் படம். தொப்பி, துப்பாக்கி, தூசி. திரையில் ஒரு குதிரை கனைத்தால் போதும், மனிதர் சோற்றை மறந்துவிடுவார். நோத்ர-டாம்-த-கிரேஸில் அவர் இருந்த அப்பார்ட்மெண்டில் பூனை வளர்க்கக்கூட விடமாட்டார்கள். எங்கேயிருந்து இந்த ஆசையைப் பிடித்தாரோ!

அதுதான் அவரையும் தங்கை சிவநேசத்தையும் பிரித்தது. 2004இல் அவள் பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கிக் குடிபுகுந்த நாள், அண்ணன் வந்துதான் பால் காய்ச்சவேண்டும் என்று அடுப்படியில் காத்து நின்றாள். இவர் டிவியில் ஒரு குதிரைப் படத்தை முடித்துவிட்டு மூன்று மணித்தியாலம் பிந்திப் போனார். "உங்களுக்குக் குதிரைதான் சொந்தம், அங்கேயே போங்க" என்றாள். இவரும் பதிலுக்கு ஏதோ சொல்லிவிட்டார். அதோடு நாலு வருடம் பேச்சில்லை. ஒரே நகரத்தில் இருந்துகொண்டு! எனக்கென்றால் பற்றிக்கொண்டு வரும்.

2008இல் ஒரு நாள் தபாலில் கார்ட் வந்தது. சிவநேசத்தின் மகள் தக்ஷினி பெரியபிள்ளை ஆனதற்குச் சாமத்தியச் சடங்கு. ஞாயிறு காலை பதினொரு மணி, பியர்பொன்ட்ஸில் ஒரு மண்டபம். தாய்மாமன்தான் முதலில் பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைத்துத் தண்ணீர் வார்க்கவேண்டும். மாமன் இல்லாவிட்டாலும் சடங்கு நடக்கும். ஆனால் மாமன் எங்கே என்று சபை முழுக்கக் கேட்கும். அருளம்பலம் அந்தக் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே இரண்டு கிழமை வேலை செய்தார். "இந்த முறையும் பிந்தினா எனக்குத் தங்கச்சி இல்லை, மச்சான்" என்று அவரே சொன்னார்.

சொன்ன அதே வாயால்தான் அடுத்ததையும் சொன்னார். அந்த ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு சின்னத் தியேட்டரில் வயதுபோன கொள்ளைக்காரன் ஒருவனைப் பற்றிய படமாம். ஒரே ஒரு காட்சியாம்.

"உமக்கென்ன விசரா?" என்றேன்.

"எமிலி, யோசிச்சுப் பார். கார்ட்டில பதினொண்டு எண்டா எங்கட ஆக்கள் தண்ணி வார்க்க ஒண்டரை ஆகும். படம் பதினொண்டரைக்கு முடியும். மறுகா உன்ர கார்ல அரை மணித்தியாலம்."

அதில் பிழை காண என்னால் முடியவில்லை. கார்டில் போட்ட நேரத்துக்குத் தொடங்கிய தமிழ்ச் சடங்கு ஒன்றை நானும் கண்டதில்லை. சேர்ச்சில் ஞாயிற்றுப் பூசையையும் விட்டுவிட்டு அவரோடு போனேன்.

சண்டைப் படம் என்று நம்பிப் போனது என் பிழை. கிழவன் குதிரையில் போகிறான், போகிறான், போய்க்கொண்டே இருக்கிறான். நடுவில் இறங்கி ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். முதல் ஒரு மணித்தியாலத்தில் ஒரே ஒரு வெடி, அதுவும் முயலுக்கு. நான் நித்திரையாகிவிட்டேன். விழித்துப் பார்த்தால் மணி பன்னிரண்டு பத்து! கிழவன் இன்னும் போய்க்கொண்டிருந்தான்.

"நேரத்தைப் பாரும்!" என்று இடித்தேன்.

"பொறு. தங்கச்சியிட்ட வந்திட்டான்" என்றார், கண்ணை எடுக்காமல்.

இருபது வருடம் கழித்துத் தங்கை வீட்டுக்கு வந்திருக்கிறான் கிழவன். குதிரையைக் கட்டினான். தொப்பியைக் கழற்றினான். கதவைத் தட்டக் கையைத் தூக்கினான். தூக்கிய கை அப்படியே நின்றது. பக்கத்தில் அருளம்பலத்தின் கதிரை படாரென்று மடிந்தது.

"எழும்பு மச்சான், எழும்பு! நான் ஒரு மடையன்!"

காரில் அவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சிவப்பு விளக்கையும் நான்தான் ஏசினேன். மண்டபத்துக்குப் போய்ச் சேர ஒரு மணிக்குக் கால் மணி இருந்தது. வெளியே ஒரே ஒரு கார் மட்டும் நின்றது.

"முடிஞ்சு போச்சு" என்றார். "எல்லாரும் வீட்ட போயிட்டாங்க."

பிள்ளைக்கு வாங்கிய சேலைப் பெட்டியோடு கதவடியில் போய் நின்றார். தட்டவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஹோர்னை அழுத்திவிட்டு இறங்கிப் போனேன்.

கதவு திறந்தது. சிவநேசம் நின்றாள். பட்டுச் சேலை, தலையில் பூ, அழுது சிவந்த கண்.

"பதினொரு மணியில இருந்து இந்த வாசலப் பாத்துக்கொண்டு நிக்கிறன், அண்ணா!"

"எல்லாம் முடிஞ்சுதா கா தங்கச்சி?"

"எங்க முடிஞ்ச? இன்னும் தொடங்கயே இல்ல. மத்தாக்களுக்கு ஒரு மணி. உங்களுக்கு மட்டும் பதினொண்டு எண்டு தனியா ஒரு கார்ட் அடிச்ச நான். கார்ட் அடிக்கிறவன் என்னைப் பாத்துச் சிரிச்சவன்."

"நான் பிந்துவன் எண்டுதானா?"

"அதுவும்தான்." அவள் வாசலை விட்டு வெளியே வந்தாள். "ஆக்கள் வர முன்ன உங்களோட கொஞ்சம் கதைக்கோணும் எண்டு ஆசையா இருந்திச்சு."

அருளம்பலம் சேலைப் பெட்டியை என் கையில் திணித்துவிட்டு அவள் தலையில் கை வைத்தார். இரண்டு பேரும் அழுதார்கள். நானும்தான், சொன்னால் என்ன.

கதைக்க நேரமில்லாமல் போய்விட்டதே என்று கவலைப்பட வேண்டாம். ஒரு மணிக் கார்டுக்கு முதல் கார் வந்தபோது இரண்டேகால். எங்கள் சனத்தை ஜென்மத்தில் முதன்முறையாக வாழ்த்தினேன். அதுவரை அண்ணனும் தங்கையும் மேடைப் படியில் இருந்து கதைத்தார்கள், கதிரை முழுவதையும் நான் அடுக்கினேன். பிறகு அருளம்பலம் மருமகள் தலையில் முதல் ஆளாகத் தண்ணீர் வார்த்தார்.

இப்போது ஞாயிறு தவறாமல் பியர்பொன்ட்ஸில்தான் அவருக்குச் சாப்பாடு. பிந்தித்தான் போகிறார், அவளும் அதற்கேற்றபடிதான் உலை வைக்கிறாள்.

அந்தப் படத்தின் கதையை அவர் வேலையில் எல்லோருக்கும் சொல்வார். கடைசியில் தங்கை கதவைத் திறக்கிறாளாம், அண்ணனை மேசையில் இருத்திச் சுடச்சுடச் சாப்பாடு போடுகிறாளாம். என்ன சாப்பாடு என்றுகூடச் சொல்வார்.

பிறகு ஒரு நாள் நான் அந்தப் படத்தை டிவிடியில் எடுத்துக் கடைசிப் பத்து நிமிடத்தைப் பார்த்தேன். கிழவன் தட்டுகிறான். யாரும் திறக்கவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்த வழியே போய்விடுகிறான்.

தொட்டதற்கெல்லாம் சண்டைக்குப் போகிறவன் நான். அருளம்பலம் அந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும், "ஓம், நானும் பாத்தனான், திறந்தவள்தான்" என்பேன்.