ஐந்தாவது சீட்டு

என் கணவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். நான் அதே ஊரில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். வெளிநாட்டு ஆர்டர் குறைந்து, வாரத்தில் பாதி நாள் கம்பெனி மூடிக் கிடந்த காலத்தில்தான் அவர் கைப்பேசியில் போக்கர் ஆடப் பழகினார். முதலில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனிதர் பேச ஆரம்பித்தார். கல்யாணமான புதிதில் பேசியதோடு சரி, அதற்குப் பிறகு என்னிடம் அவ்வளவு பேசியதில்லை. பேச்செல்லாம் ஆட்டத்தைப் பற்றித்தான். அதனால் நானும் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன்.

ஆளுக்கு இரண்டு சீட்டு, மறைவாக. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக முதலில் மூன்று சீட்டு விரிப்பார்கள். பிறகு நாலாவது, கடைசியில் ஐந்தாவது. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் வைக்கலாம், இல்லையென்றால் மடித்துவிட்டு விலகலாம். ஐந்தாவது சீட்டுக்கு ரிவர் என்று பெயர்.

"நம்ம பாலாத்துலயே தண்ணி இல்ல, நீங்க எந்த ஆத்துக்குக் காத்துனு இருக்கீங்க?" என்றேன்.

சிரித்தார். பிறகு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். "மொதல் ரவுண்டு யார் வேணா ஆடலாம். நாலாவது சீட்டுலேந்துதான் புத்தி வேணும். அங்கதான் பந்தயம் பெருசாவும். நம்ம சீட்டு நடுத்தரம்னா கம்மியா வெச்சு கம்முனு இருக்கணும். பொய்யா மெரட்டறதுன்னாலும் மொதல்லேந்து ஒரே மாதிரி வெச்சுனு வரணும். கடைசில திடீர்னு பெருசா வெச்சா எவனும் நம்ப மாட்டான்."

"அதுவரைக்கும் உள்ள போட்டது?"

"அது நம்மளுது இல்ல. போட்டதை நெனச்சுனு இன்னும் போட்டா அவன் முட்டாள்."

எவ்வளவு தெளிவாகப் பேசுகிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பின் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் கையில் ராஜாவும் ராணியும். நடுவில் விரிந்த மூன்றில் ஒரு ராஜா. மற்ற இரண்டும் ஆட்டின், சிவப்பு இதயம் போட்ட சீட்டு. ராஜா ஜோடி சேர்ந்துவிட்டதால் பந்தயம் வைத்தார். எதிரில் ஒருவன் மட்டும் விலகாமல் கூடவே வந்தான். யார், எந்த ஊர், எதுவும் தெரியாது. திரையில் ஒரு புலிப்படம், அவ்வளவுதான். நாலாவது சீட்டில் ஒன்றும் இல்லை. இவர் மறுபடி வைத்தார், அவன் மறுபடி கூடவே வந்தான். ஐந்தாவதாக இன்னொரு ஆட்டின் விழுந்தது. அதுவரை பேசாமல் பின்தொடர்ந்தவன், இப்போது இருந்ததையெல்லாம் நடுவில் வைத்தான்.

"நீ சொல்லு, இன்னா பண்ணலாம்?" என்றார்.

"அவனுக்கு அஞ்சு ஆட்டின் சேந்துடுச்சு. ஜோடிய வெச்சுனு இன்னா பண்றது? விட்டுடுங்க."

"கரெக்ட்" என்றார். கட்டைவிரல் திரைமேல் நின்றது. பிறகு விலகாமல், அவன் வைத்ததற்குச் சரிசமமாக வைத்துவிட்டார். அவன் சீட்டு திரும்பியது. இரண்டு சின்ன ஆட்டின்.

அவருக்குக் கோபம் வரவில்லை. தோற்றவர் முகமாகவே இல்லை. பெருமூச்சு விட்டுச் சாய்ந்துகொண்டார்.

"தெரிஞ்சும் எதுக்கு வெச்சீங்க?"

"மடிச்சிருந்தா அவன் கையில இன்னா இருந்துச்சுன்னு தெரியாமலே போய்டும்."

ஆட்டம் தெரியாதவரென்றால் சொல்லிக்கொடுத்துத் திருத்தலாம். இவருக்கோ எல்லாம் தெரிந்திருந்தது.

பள்ளிகொண்டா பக்கம் வாங்கிப் போட்டிருந்த மனை ஆட்டக் கடனில் போயிற்று. அந்தக் கதை எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் உண்டு, எனக்கு அதை விவரிக்கத் தெம்பில்லை. வேலூரில் ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனேன். அவர் மரியாதையாகக் கேட்டார், இவரும் மரியாதையாகப் பதில் சொன்னார்.

"எப்ப விலகணும்னு எனக்கு நல்லாத் தெரியும் சார்."

"அப்புறம் ஏன் விலகறதில்ல?"

திரும்பி வரும் பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஆம்பூர் நெருங்கும்போது, "நல்ல டாக்டர்தான்" என்றார்.

பிறகு பணம் வைத்து ஆடுகிற ஆட்டங்களுக்குத் தடை வந்தது. செய்தியைப் பார்த்த அன்று பாயசம் வைத்தேன். எதற்கு என்று மகள் கேட்டாள், சும்மாதான் என்றேன். நோய் விட்டுப்போன வீடு மாதிரி அன்று எனக்குத் தோன்றியது. அடுத்த வாரமே அவர் வேறோர் ஆட்டத்தை இறக்கிக்கொண்டார். அதில் பணம் கிடையாது. விளையாட்டுக் காசு, தீர்ந்தால் அவர்களே மறுபடி தருவார்கள். அதே முகம், அதே கட்டைவிரல், அதே பெருமூச்சு. அதுவரை பணத்தாசை என்று நினைத்திருந்தேன். ஆசை என்றால் ஒருநாள் அலுத்துப்போகும் என்றும் நம்பியிருந்தேன். இப்போது நம்பிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை.

கடைசியாக ஒன்று செய்து பார்த்தேன். கடையிலிருந்து ஒரு சீட்டுக்கட்டு வாங்கி வந்தேன். காசுக்குப் பதில் புளியங்கொட்டை.

"என்கூட ஆடுங்க" என்றேன்.

மறுக்காமல் தரையில் உட்கார்ந்தார். முதல் இரண்டு ஆட்டத்திலும் நாலாவது சீட்டிலேயே மடித்துவிட்டார். அத்தனை ஒழுங்காக அவர் ஆடி நான் பார்த்ததே இல்லை. மூன்றாவதில் என் கையில் ஒன்றுமே இல்லை. அவர் சொல்லிக்கொடுத்தபடி ஆரம்பத்திலிருந்து ஒரே மாதிரி வைத்துக்கொண்டு வந்தேன். ஐந்தாவது சீட்டு விழுந்ததும் இருந்த கொட்டைகளையெல்லாம் நடுவில் தள்ளினேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நேராகப் பார்த்தார். பிறகு சீட்டை மடித்துவிட்டு எழுந்தார்.

"உன்கிட்ட ஆட இன்னா இருக்கு? கையில இருக்கறது மூஞ்சிலயே தெரியுது."

நான் என்ன வைத்திருந்தேன் என்று கேட்கவில்லை. முகம் தெரியாத ஒருவனின் இரண்டு சீட்டைப் பார்க்க அவ்வளவு கொடுத்தவர், பக்கத்தில் கிடந்த என் சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கைப்பேசியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். கூப்பிட்டுச் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. புளியங்கொட்டைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டேன்.

போன மாதம் ஒருநாள் பள்ளி விட்டு வரும்போது எதிர்வீட்டு அம்மா நிறுத்தினார். அவருடைய மகனும் அதே கம்பெனிதான். "உங்க வீட்டுக்காரர் லைனையும் மூடி எல்லாரையும் நிறுத்திட்டாங்களாமே, ஒண்ணாந்தேதியோட" என்றார். எனக்குத் தெரிந்ததுபோலத் தலையாட்டினேன்.

வீட்டில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார். டீ போட்டுக் கொடுத்தேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லி இன்னா ஆகப்போவுது?" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் உள்ளே போய் அரிசி களைந்தேன். அதற்குப் பிறகும் காலையில் குளித்து, கம்பெனி சட்டையைப் போட்டுக்கொண்டு, பஸ் நிறுத்தம் பக்கம் போகிறார். மத்தியானம் எங்கே சாப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியாது. டிபன் பாக்ஸ் காலியாகத்தான் திரும்பி வருகிறது.