தலைப்பில்லாத வருகைத் தாள்

2023 நவம்பர் 8, புதன்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். தண்ணீர் பிடித்து, இட்லி அவித்து, ஏழு ஐம்பது பேருந்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் போனேன். லேசான மழை. எட்டரைக்கு அலுவலகத்தைத் திறந்தேன்.

நகரச் சாலையை அகலப்படுத்தும் திட்டத்துக்கு ஆலோசனை சொல்லும் தனியார் நிறுவனத்தில் அப்போது ஒப்பந்த ஊழியர் நான். மக்களுக்குத் தகவல் சொல்வதும் அவர்கள் கருத்தைக் கேட்டு எழுதுவதும் என் வேலை. முந்தைய மாதம் இராஜபாளையத்தில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு எல்லாவற்றையும் அட்டவணை போட்டுச் செய்திருந்தேன். மில் ஷிப்டு முடிகிற நேரம் பார்த்தேன். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தைத் தவிர்த்தேன்.

வருகைத் தாளையும் நானே தயாரித்தேன். வரிசை எண், பெயர், கதவு எண், கைபேசி, கையெழுத்து. மேலே மூன்று விரல் அகலத்துக்கு வெறுமையாக விட்டேன். அடுத்து ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கூட்டம் இருந்தது. ஒரே தாள் இரண்டுக்கும் ஆகட்டும், ஊரையும் தேதியையும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தாள் வீணாகாத மகிழ்ச்சியை நாட்குறிப்பிலும் எழுதியிருக்கிறேன்.

கூட்டத்துக்கு ஆள் சேர்த்துத் தந்தவர் பிளாஸ்டிக் வாளி, குடம் விற்கும் கடைக்காரர். தெருவில் எல்லோருக்கும் அவர் பாய், எனக்கும் அப்படித்தான். அவர் கடையின் ஆழம் பன்னிரண்டு அடி. அதில் எட்டு அடி சாலைக்குப் போகும். எதிர்ப்பக்கம் காலி இடம் கிடக்கிறது, சாலைக் கோட்டை அங்கே தள்ளினால் போதும் என்பது அவர் யோசனை. கூட்டத்தில் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம் என்றேன். அதை நம்பி அரைநாள் கடையைச் சாத்திவிட்டு, கடை கடையாகப் போய் அழைத்துவந்தார்.

வாசலில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு டீயும் காராசேவுப் பொட்டலமும் கொடுத்தோம். டீக்கடைக்காரர், "ரெண்டு கையெழுத்துப் போட்டா ரெண்டு பொட்டலமா?" என்றார். வரிசையே சிரித்தது. மேலே இருந்த வெற்றிடத்தை ஒருவரும் கேட்கவில்லை. முதல் கையெழுத்து பாயுடையது. அவர் பேசியதை நான் ஒரு வரி விடாமல் குறித்தேன்.

அந்தப் புதன்கிழமை பத்தரைக்குப் பாய் அலுவலகத்துக்கு வந்தார். ஈரக் குடையை வெளியில் சாய்த்துவிட்டு, ஒரு நகலை என் மேசையில் வைத்தார். திட்ட அறிக்கையின் கடைசிப் பக்கம். நான் விட்ட இடத்தில், 'கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள் இத்திட்டத்துக்கு முழு மனதுடன் சம்மதிக்கிறோம்' என்று அச்சாகியிருந்தது. கீழே என் கட்டங்கள்.

"இது உங்க தாள்தான தங்கச்சி?"

ஆமாம் என்றேன்.

"நான் பேசுனது எங்க இருக்கு?"

அறிக்கையைத் திறந்து இரண்டு முறை தேடினேன். என் குறிப்பு எங்கும் இணைக்கப்படவில்லை. அவர் முன்னாலேயே மேலாளரிடம் போனில் பேசினேன். தலைப்பைத் தலைமை அலுவலகம் போட்டது, அறிக்கை திட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றார். இவ்வளவு கையெழுத்து வாங்கியதற்கு என்னைப் பாராட்டினார். இனி ஸ்ரீவில்லிபுத்தூர்க் கூட்டமும் தேவைப்படாதாம்.

பாய் சத்தம் போடவில்லை. காலையில் டீக்கடையில், "காராசேவுக்குத் தெருவை வித்துட்டீகளே பாய்" என்றார்களாம். அதைச் சொல்லிவிட்டுத் தாளைக் கையில் எடுத்தார்.

"அம்புட்டுப் பேரையும் நான்தான கூட்டியாந்தேன். அவியகிட்ட என்னத்தச் சொல்ல?"

நகலை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

நடந்ததை எழுதி, கூட்டக் குறிப்பையும் இணைத்து, திட்ட அலுவலகத்தில் கொடுத்தேன். வாங்கியவர் படிக்காமலே முத்திரை குத்தினார். மூன்று மணிக்கு அளவையாளர்கள் கடைகளுக்குள் சிவப்புக் கோடு போட்டார்கள். ஐந்தரைப் பேருந்துக்கு நடந்தபோது பாய் கடையைக் கடக்க வேண்டியிருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் மிஞ்சிய நான்கு அடியில் வாளிகளை அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிகூடக் கொள்ளவில்லை. என்னைக் கண்டும் அழைக்கவில்லை. நானும் நிற்கவில்லை.

மறுநாள் காலை அலுவலகத்தைத் திறந்ததும் முதல் வேலையாக, நடக்கப்போகாத கூட்டத்துக்கென்று எடுத்து வைத்திருந்த நாற்பது தாள்களின் மேலும், 'வருகைக்கு மட்டும். சம்மதம் அல்ல' என்று பேனாவால் எழுதினேன்.