பெரியம்மா போட்ட உப்பு

என் பெரியம்மாவின் வயிற்றெரிச்சலுக்கு ஒரே காரணம் என் அம்மா. இதைப் பெரியம்மாவே என்னிடம் சொன்னாள், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

பெரியப்பாவும் அப்பாவும் கீழே புத்தக பைண்டிங் கடை வைத்திருந்தார்கள், மேலே வீடு. அம்மா இளைய மருமகளாக வரும்வரை காபி பெரியம்மா கையில்தான். இன்ஸ்டன்ட் தூள், வெந்நீர், பால், சர்க்கரை, கலக்கினால் முடிந்தது. பெரியப்பா பசை காய்ந்த விரல்களோடு வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரை வைப்பார். எங்கள் வீட்டு ஆண்களுக்குப் பாராட்டு என்றால் பல் பிடுங்குவது மாதிரி. 'நல்லாயிருக்கு' என்ற ஒரு வார்த்தைக்குப் பெரியம்மா ஏங்கிக் கிடந்தாள்.

அம்மா வந்தாள். கொதிக்கும் தண்ணீரில் ஒரு துண்டு பட்டையைப் போட்டு, அதில் தூளைக் கரைத்தாள். வாசனை படியிறங்கிக் கடைக்குப் போனது. கூப்பிடாமலே பெரியப்பா படியேறி வந்தார்!

"அதே தூளு, அதே பாலு. ஒரு பட்டைத் துண்டுக்கு இவ்வளவு ஆட்டமா?" என்று பெரியம்மா பொருமினாள்.

ஒரு நாள் அம்மா மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போன நேரம் பார்த்து, பெரியம்மா காபிப் பாத்திரத்தில் ஒரு கரண்டி உப்பைக் கொட்டப் போனாள். படியில் காலடிச் சத்தம். அவசரத்தில் விழுந்தது ஒரு சிட்டிகைதான். மீதியை ஜாடியிலேயே போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல நின்றாள்.

பெரியப்பா ஒரு வாய் குடித்தார்.

"அடேயப்பா! கசப்பே இல்லையே. பட்டை வாசனை மட்டும் அப்படியே நிக்குது. என்னம்மா போட்ட?"

"எப்பவும் போடுறதுதான் மாமா," என்றாள் அம்மா.

பெரியப்பா மனைவி பக்கம் திரும்பினார். "நீயும் இவகிட்ட கத்துக்கோயேன்."

பெரியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உப்பு! அது நான் போட்ட உப்பு!"

"உப்பா? காபியில எதுக்குடி உப்பு போட்ட?"

பெரியம்மாவின் கண் உப்பு ஜாடிக்கு ஓடியது. என்னவென்று சொல்வாள்? அந்த முகத்தைப் பார்த்ததுமே அம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"நான்தான் அக்காவைப் போடச் சொன்னேன் மாமா."

"அதானே பார்த்தேன்!" என்று பெரியப்பா அம்மாவுக்கே இன்னொரு சபாஷ் போட்டார்.

அம்மா காட்டிக்கொடுக்காததற்குப் பெரியம்மா நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"என் மானத்தைக் காப்பாத்திட்டா, சரி," என்று இன்றும் என்னிடம் பல்லைக் கடிக்கிறாள். "ஆனா அந்த உப்பு என்னோடதுடி!"