பித்தளை வளையம்

என் கம்பி வாத்தியமான பாஞ்சோ வட்டமானது. மரவளையத்தின் முகத்தில் தோல், பின்பக்கம் திறப்பு. சத்தம் மந்தம். டோல்கேட்டில் கச்சேரி என்றால் கண்டெய்னர் லாரிகள் அதை விழுங்கிவிடும். அந்தக் கடுப்பில் பட்டறையில் ஒரு பித்தளை வளையம் செய்து வாங்கித் தோலுக்கு அடியில் பொருத்தினேன். கம்பியைத் தொட்டாலே கணீரென்று தெருமுனைவரை கேட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுவாரம் காலடிப்பேட்டையில் என் நண்பர் இறந்துபோனார். உடலருகே கானா பாடுகிறவர்களுக்கு வாசிக்கப் போனேன். முதல் கம்பியை மீட்டியதும் கல்யாண வீடு போலக் கிணுகிணுத்தது. மெதுவாக மீட்டினாலும் அதே குதூகலம். அழுதுகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு உடம்பே கூசிப்போனது. பின்பக்கத் திறப்பில் துணியை அடைத்தால்தான் அது அடங்கும். மடையன், ஒரு துணிகூடக் கொண்டுபோகவில்லை. சட்டையைக் கழற்றத் தொடங்கினேன்.

நண்பரின் மனைவி எழுந்து, கொடியில் கிடந்த அவருடைய துண்டை உருவி என்னிடம் நீட்டினார்.

"இத்த வெச்சி அடச்சிக்கோண்ணா. அவருக்கு இனிமே இன்னாத்துக்கு?"

அடைத்தேன். சத்தம் அடங்கியது. வளையத்தை அன்றைக்கே கழற்றிவிட்டேன். துண்டைத் திருப்பிக் கொடுக்கத்தான் இன்னும் எனக்கு முகமில்லை.