வெட்டுப்படாத கிளை

கராம்பைத் தேனில் ஊறப்போட்டு வெயிலில் திறந்து வைத்தால் எப்படி மணக்குமோ அப்படி ஒரு மணம், ஈரவிறகுப் புகையைத் தவிர வேறு வாசனை அதிகம் அறியாத தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலுக்கு ஒரு பங்குனிக் காலையில் வந்து சேர்ந்தது. அந்த மணத்துக்காக அம்மா சில வருஷம் அப்பாவோடு மல்லுக்கட்டியிருந்தார். அது அசேலியா என்றும், அதிலும் குளிர் தாங்கி, வருஷத்துக்கு ஒருமுறை இலையெல்லாம் உதிர்த்துவிட்டுப் பூக்கிற மணமுள்ள சாதி என்றும் பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. நுவரெலியாவுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் அதற்குப் பெயர் “பங்களாப் பூ”. துரை பங்களா வேலியோரம் குப்பையோடு வேர்விட்டுக் கிடந்த கன்று ஒன்றை, அம்மா கொழுந்துக் கூடையில் போட்டுக் கொண்டுவந்து, வாசலுக்கு முன்னால் எங்களுக்கென்று இருந்த பாய் அகல மண்ணில் நட்டிருந்தார்.

அப்பா கவ்வாத்துக்காரர். வளர்ந்த தேயிலையை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டு, புதுத் துளிர் வரவைக்கிற வேலைதான் கவ்வாத்து, அதில் அவர் கைக்கு எங்கள் டிவிஷனில் தனி மரியாதை. அந்த மரியாதை மனிதரைச் சும்மா இருக்கவிடாது. வேலியோர ரோஜா, பக்கத்து வீட்டுப் பெயார்ஸ் பழ மரம், என் தலைமுடி, எதைப் பார்த்தாலும் கத்தியைத் தேடுவார். பங்களாப் பூவையும் வருஷம் தவறாமல் கார்த்திகைத் தீபத்துக்கு முன்னால் தேயிலை மாதிரியே மட்டமாகச் சீவிவிடுவார். செடியும் தளதளவென்று இலைவிட்டதே ஒழியப் பூத்தபாடில்லை.

“பூக்காத செடிக்கு எடம் எதுக்கு? புடுங்கிட்டு போஞ்சி போட்டா கறிக்காச்சும் ஆகும்” என்றார் அப்பா.

அப்படிச் சொன்ன வருஷத்துப் பங்குனியில்தான், தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் சரிந்திருந்த ஒரு கிளையில் மட்டும் மஞ்சளாக ஒரு கொத்து பூத்திருந்ததை அம்மா கண்டுபிடித்தார். கவ்வாத்துக்காரர் கண் அடித்தண்டைப் பார்க்கும், கொழுந்து பறிக்கிறவர் கண்ணுக்கு நுனிதான் தெரியும். அம்மா அந்தக் கிளையையும் மற்றக் கிளைகளையும் மாற்றி மாற்றித் தடவிப் பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டார்.

“ஏங்க, பீப்பாக்குப் பின்னால ஒங்க கத்தி போகல, அங்கதான் பூத்திருக்கு. இது நுனியில மொட்டு கட்டுற செடி. அந்த நுனியத்தான நீங்க வருஷா வருஷம் சீவிப்புடுறீங்க.”

“கவ்வாத்து எனக்கே சொல்லித் தர்றியா புள்ள? வெட்டாம விட்டா காடாத்தான் போகும்.”

“போகட்டும். இந்த வீட்டுல எனக்குன்னு ஆசப்பட்டு நான் வச்சது இது ஒண்ணுதான். ஒரு வருஷம் கைய வைக்காதீங்க. வர்ற பங்குனிக்குள்ள பூக்கலைன்னா நானே புடுங்கிப் போடுறேன்.”

அம்மா சொன்னால் சொன்னதுதான், பூக்காவிட்டால் பிடுங்கியே இருப்பார். கார்த்திகை வந்தது. அப்பா கத்தியைத் தீட்டித் தீட்டிச் செருகிவைத்தார், செடிப்பக்கம் போகவில்லை. கிளை நுனிகளில் விரல் முனை போலத் தடித்த மொட்டுகள் தெரிந்தன. பிறகு இலைகள் சிவந்து, ஒவ்வொன்றாய் விழுந்து, மார்கழி முடிவில் வெறும் குச்சிகள்தான் நின்றன. என்றைக்கும் பச்சையாக நிற்கிற தேயிலையைப் பார்த்து வளர்ந்த சனத்துக்கு, தானாக மொட்டையான செடி என்றால் செத்த செடிதான். “ஒங்க வீட்டு பங்களாப் பூ பட்டுப்போச்சே அக்கா” என்று துக்கம் விசாரிக்கிற மாதிரி விசாரித்துவிட்டுப் போனார்கள். தையில் “துகள் பனி” கொட்டி, பள்ளத்துத் தேயிலை கருகி, உருளைக்கிழங்குச் செடியெல்லாம் தலைசாய்ந்த காலையில் அப்பா மம்பட்டியோடு வாசலில் இறங்கினார்.

அம்மா குறுக்கே நிற்கவில்லை. ஒரு குச்சியை வளைத்துப் பிடித்து, பட்டையை நகத்தால் லேசாகக் கீறி, “நீங்களே பாருங்க” என்றார். உள்ளே பச்சை. வெட்டிய தேயிலைக்கு உயிர் இருக்கிறதா என்று அப்பா அன்றாடம் பார்க்கிற அதே பச்சை. அவர் மம்பட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, பிளேன்டீ கேட்டார்.

பங்குனியில், காமன் கூத்து முடிந்து தப்புச் சத்தம் ஓய்ந்த வாரத்தில், ஓர் இலைகூட விரியாத அந்தக் குச்சிகள் முழுக்கப் பூ மஞ்சளாய் வெடித்தது. லயமே திரண்டு வந்து மூக்கை நீட்டியது. அப்பா கூட்டத்தைப் பார்த்து, “யாரும் கத்தியக் கொண்டாந்துராதீங்க. பூ உதிர்ந்த கையோட வெட்டுனா வெட்டலாம், அப்புறம் நுனியத் தொடவே கூடாது” என்று ஏதோ தாத்தா காலத்திலிருந்தே தெரிந்தவர் மாதிரி விளக்கம் கொடுத்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்ததை நான் பார்த்தேன்.

இன்று அந்த லயம் இல்லை, இடித்துவிட்டார்கள். பீப்பாய் நின்ற இடத்தில் ரோடு போகிறது. அம்மாவும் போய்விட்டார். அந்தச் செடியின் தாழ்ந்த கிளையை மண்ணில் பதித்து வேர்பிடிக்கவைத்து எடுத்த கன்றுதான் நானுஓயாவில் என் வீட்டு வாசலில் ஆளுயரம் நிற்கிறது. உங்கள் ஊரிலும் குளிர் இருந்தால் தைரியமாக நடுங்கள்: தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண் இதற்கும் பிடிக்கும், வேரை ஆழப் புதைக்காமல் சருகு போட்டு மூடினால் போதும். மொட்டையாய் நிற்கும்போது பயப்படாதீர்கள், அவ்வளவுதான்.

போன கார்த்திகையில் வேலி வெட்டக் கூலிக்கு வந்த தம்பி, போகிறபோக்கில் இந்தச் செடியின் தலையையும் மட்டமாக்கிவிடலாம் என்று கத்தியை ஓங்கினார். வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்த அப்பா, முட்டிவலியை மறந்து எழுந்துவிட்டார்.

“தம்பி, நுனியில கைய வைக்காதீங்க. அது எங்க வீட்டம்மாவோட பூ.”

பங்களாப் பூ என்ற பெயரை இப்போது எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை.